மதுரையில் நான்கு வருடப் பிறப்பு!

மார்ச் 31-ந் தேதி இரவு. மதுரை கீழமாசி வீதி.

மற்ற நாளாக இருந்தால், இந்த நேரத்துக்குக் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அன்று மட்டும் கதவு பாதிதான் இறங்கி இருக்கும். உள்ளே விளக்கு எரியும். ஒருவர் மூட்டைகளை எண்ணிச் சொல்வார். இன்னொருவர் எழுதிக்கொள்வார்.

"துவரம் பருப்பு பதினெட்டு மூட்டை."

"அதிலே ஒண்ணு பிரிச்ச மூட்டை, அண்ணாச்சி."

"அப்படின்னா பதினேழுன்னு போடு. பிரிச்சதைத் தராசிலே வை."

நாளைக்கு எண்ணினால் என்ன? குடியா முழுகிவிடும்?

குடி முழுகாது, கணக்கு முழுகிவிடும்! நாளைக் காலையில் வந்து இறங்கும் மூட்டை அடுத்த ஆண்டுக் கணக்கைச் சேர்ந்தது. இன்று இரவு கடையில் இருப்பது இந்த ஆண்டுக் கணக்கைச் சேர்ந்தது. இரண்டும் கலந்துவிட்டால், ஆண்டு முழுவதும் பாடுபட்டது லாபத்துக்கா நஷ்டத்துக்கா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

கல்லாவில் இருப்பது லாபமா?

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு தொடங்கும்போது கடையில் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்தது. ஆண்டு முழுவதும் 30 லட்சத்துக்குச் சரக்கு வாங்கினார். 33 லட்சத்துக்கு விற்றார். வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம், வண்டிக் கூலி எல்லாம் சேர்ந்து 1 லட்சத்து 80 ஆயிரம்.

கடைக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். விற்றது 33. வாங்கியது 30. மிச்சம் 3 லட்சம். செலவு போக 1 லட்சத்து 20 ஆயிரம் லாபம்! வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்கிறார். "இந்த வருஷம் உனக்கு ஒரு செயின் எடுத்துவிடலாம்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை குறுக்கே விழுகிறார். "சரக்கை எண்ணிப் பார்த்தீர்களா?"

எண்ணிப் பார்த்தால் 3 லட்சம் ரூபாய்ச் சரக்குதான் இருக்கிறது. தொடங்கும்போது இருந்ததோ 4 லட்சம். ஆகவே, விற்ற சரக்கின் அடக்க விலை 30 லட்சம் அல்ல, 31 லட்சம். லாபம் 2 லட்சம்தான். செலவைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 20 ஆயிரம் ரூபாய்.

அதோடு நின்றதா? விற்ற 33 லட்சத்தில் கடன் கொடுத்ததும் அடக்கம். அதில் 50 ஆயிரம் இனி வராது. வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்டார். அதையும் எழுதினால் லாபம் போய், 30 ஆயிரம் ரூபாய் நஷ்டம் வந்து நிற்கிறது!

அந்தச் செயின் லாபத்தில் எடுத்த செயினாக இராது. முதலில் கை வைத்து எடுத்த செயினாக இருக்கும். வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே பல கடைகள் மூடப்படுவதற்கு இது ஒரு காரணம். கூட்டம் குறையவில்லை, கல்லா நிறைகிறது, ஆனால் ஒரு நாள் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பணம் இல்லை!

ஏன் ஓர் ஆண்டு?

அப்படியானால் மாதம் ஒரு முறை எண்ணக் கூடாதா? எண்ணலாம், நல்லதுதான். ஆனால் மாதக் கணக்கை நம்பி முடிவு செய்ய முடியாது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனால் இது புரியும். மளிகைக் கடையில் மீந்த சரக்கு நாளைக்கு ஆகும். பூ ஆகாது. காலையில் வந்த மல்லிகை மாலைக்குள் விற்றாக வேண்டும். எனவே பூ வியாபாரியின் கணக்கு அன்றைக்கு அன்றே முடிந்துவிடுகிறது.

அவருக்கும் ஆண்டுக் கணக்கு வேண்டும். எதற்கு? மார்கழிப் பனியில் மல்லிகைச் செடி பூக்காது. வரத்துக் குறைந்து விலை ஏறும். பொங்கல் சமயத்தில் கிலோ ஆயிரக் கணக்கில் விற்கும். கோடையில் செடி கொட்டோ கொட்டென்று பூக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை. பூவைக் கேட்பார் குறைவு. தை மாதக் கணக்கைப் பார்த்தால் பூ விவசாயி பணக்காரர். ஆடி மாதக் கணக்கைப் பார்த்தால் கடனாளி. எது உண்மை? இரண்டும் பாதி உண்மை!

பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்தால்தான் பனி, வெயில், மழை, முகூர்த்தம், திருவிழா எல்லாம் ஒரு முறை வந்து போகும். அதற்குப் பிறகு இந்த ஆண்டையும் சென்ற ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை.

ஆனால் ஆண்டுதான் கணக்கின் எல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதில்லை. மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் நடத்திய காலத்தில், அங்கே போகும் ஏஜெண்டுக்குத் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. இடையிடையே ஐந்தொகை என்ற கணக்குச் சுருக்கம் முதலாளிக்கு வந்துகொண்டிருக்கும். ஆனால் முழுக் கணக்கையும் முடித்து லாபத்தில் ஏஜெண்டின் பங்கைத் தீர்ப்பது மூன்றாவது ஆண்டு முடிவில். கடலைத் தாண்டிப் போனவர் ஊர் திரும்பும் நாள்தான் அவர்களுக்குக் கணக்கு முடியும் நாள்! (ஐந்தொகை என்ற சொல் அழியவில்லை. இலங்கையில் பாலன்ஸ் ஷீட்டுக்குத் தமிழ்ப் பெயர் அதுதான்.)

நெல்லுக்கு ஓர் ஆண்டு

சரி, கோட்டை எங்கே போடுவது? ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது? இதில்தான் வேடிக்கை. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒன்றல்ல, நான்கு வருடப் பிறப்பு உண்டு.

முதலாவது ஜூலை 1. இது பசலி ஆண்டு. வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி தாலுகாக்களில் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கு இந்த நாளில்தான் புதிதாகத் தொடங்குகிறது. ஜூலையில் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி.

இந்தப் பசலி டில்லியிலிருந்து வந்தது. அக்பர் காலத்தில் ஏற்பட்டது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்துக் கணக்கிடுவது; அதற்கு ஏறக்குறைய 354 நாள்தான். ஆகவே ஆண்டுதோறும் 11 நாள் முந்திக்கொண்டே போகும். பயிரோ சூரியனைப் பார்த்து விளைவது. கொஞ்ச காலத்தில் என்ன ஆகும்? கதிர் முற்றும் முன்பே வரி கேட்டு ஆள் வந்து நிற்பான்! அதைத் தவிர்க்கத்தான் விளைச்சலுக்கு என்று தனி ஆண்டு வகுத்தார்கள். பசல் என்றால் பருவம், அறுவடை என்று பொருள்.

சென்னை ராஜதானியில் பசலி முதலில் ஆடி மாதம் முதல் தேதி தொடங்கியது. ஆடிப் பட்டத்தில் விதைக்கும் நாட்டுக்கு அது பொருத்தமான நாள். 1800-ம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்காரர்கள் அதை ஜூலை 13 என்று நிலையாக வைத்தார்கள். 1855-ல் ஜூலை 1 என்று மாற்றினார்கள். அன்று முதல் அதுவே.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். எந்த நிலத்தில் எந்தப் பயிர் என்று எழுதும் அடங்கல் பசலிவாரியாகத்தான் எழுதப்படுகிறது. பயிர்க் கடனுக்குப் போகும் விவசாயியிடம் அடங்கல் கேட்பார்கள். சென்ற பசலியின் அடங்கலை நீட்டினால், "இது போன வருஷத்துது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோடையில் நடக்கும் ஜமாபந்தியும் பசலி முடியும் முன் கிராமக் கணக்கைச் சரிபார்க்கத்தான். அறநிலையத் துறைக் கோயில்களில் தேங்காய்க் கடை, வண்டி நிறுத்துமிடம் முதலியவற்றை ஏலம் விடுவதும் பசலி ஆண்டுக்குத்தான் வழக்கம். கோயிலில் கடை எடுத்தவருக்கு ஜூன் 30-ந் தேதி குத்தகை முடிகிறது. அவருடைய வருமான வரிக் கணக்கோ மார்ச் 31-ந் தேதியே முடிந்துவிட்டது. ஒரே கடைக்கு இரண்டு ஆண்டு!

புதுக்கணக்கு

இரண்டாவது, சித்திரை முதல் நாள். அன்று நல்ல நேரம் பார்த்துப் புது நோட்டுக்கு மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, புதுக்கணக்கு எழுதும் கடைக்காரர்கள் பலர்.

மூன்றாவது தீபாவளி. மதுரையில் ஜவுளி, வெள்ளி, மருந்து என்று பல துறைகளில் இருக்கும் குஜராத்தி, மார்வாடி வியாபாரிகளுக்கு லட்சுமி பூஜையோடு கணக்குப் புத்தகப் பூஜை. மறுநாள் முதல் புது ஏடு.

நான்காவதுதான் ஏப்ரல் 1. சட்டம் ஒப்புக்கொள்வது இதை மட்டுமே. (பருத்திக்கும் சர்க்கரைக்கும் அக்டோபர் 1-ல் பருவ ஆண்டு தொடங்குகிறது. அதையும் எண்ணினால் ஐந்தாகிவிடும், போகட்டும்!)

இந்த ஏப்ரல் 1 எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து. அங்கே 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. குத்தகையும் வாடகையும் அன்று தீர்ப்பார்கள். 1752-ல் காலண்டரைத் திருத்தி 11 நாளை நீக்கினார்கள். அந்த 11 நாளுக்கும் சேர்த்து வரி ஆண்டைத் தள்ளியதில் அது ஏப்ரலில் வந்து விழுந்தது. இந்தியாவில் சர்க்கார் கணக்கு முன்பு மே 1-ல் தொடங்கியது. 1867-ல் ஏப்ரல் 1-க்கு மாற்றினார்கள். மாற்றுவதற்காக 1866-67-ம் ஆண்டைப் பதினொரு மாதத்தோடு முடித்தார்கள்.

இருபத்து மூன்று மாத ஆண்டு!

சர்க்காருக்கு ஏப்ரல் என்றாலும், வியாபாரிகளை அது நெடுநாள் கட்டாயப்படுத்தவில்லை. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் வியாபாரி தனக்கு ஏற்ற ஆண்டை வைத்துக்கொள்ள இடம் இருந்தது. தீபாவளிக் கணக்குக்காரர் தீபாவளிக்கு முடிப்பார். சித்திரைக் கணக்குக்காரர் பங்குனிக் கடைசியில் முடிப்பார்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. 1980 மார்ச் 31-ல் கணக்கு முடித்தவருக்கு 1980-81 வரி விதிப்பு ஆண்டு. பக்கத்துக் கடைக்காரர் சித்திரைக் கணக்கு. ஏப்ரல் 13-ல் முடித்தார். அவருக்கு 1981-82! பதின்மூன்று நாள் தள்ளிக் கோடு போட்டதால், வரி கட்டும் காலம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. சித்திரைக் கணக்கு வைத்தவர்கள் எல்லாம் இதற்காகவே வைத்தார்கள் என்று சொல்வது அபாண்டம். பாட்டன் காலத்து வழக்கம் அது. ஆனால் அந்த வழக்கத்தால் நஷ்டம் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அதிகாரிகளுக்குத்தான் தலைவலி. தீபாவளிக் கணக்குக்காரர் ஐப்பசியில் விற்ற சரக்கைச் சித்திரைக் கணக்குக்காரர் வாங்கியிருப்பார். இரண்டு புத்தகத்திலும் அது வேறு வேறு ஆண்டில் இருக்கும். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்ப்பது எப்படி?

1987-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1989-90 வரி விதிப்பு ஆண்டிலிருந்து எல்லாருக்கும் ஒரே கோடு: மார்ச் 31. முந்திய கணக்கு எங்கே முடிந்ததோ, அதற்கு மறுநாளிலிருந்து 1989 மார்ச் 31 வரை ஒரே "ஆண்டு" என்று எழுத வேண்டும்.

தீபாவளிக் கணக்குக்காரருக்கு அது 1987 தீபாவளியில் தொடங்கி ஏறக்குறையப் பதினேழு மாதம் வந்தது. சித்திரைக் கணக்குக்காரருக்கோ? 1987 சித்திரை முதல் 1989 மார்ச் கடைசி வரை. இருபத்து மூன்று மாதத்துக்கும் மேலே! தள்ளிப் போட்ட ஒரு வருடமும் அந்த ஒரே கணக்கில் வந்து சேர்ந்துகொண்டது. இப்படி நீண்டுபோன ஆண்டுக்காக வரம்புத் தொகைகளை மாற்றிக்கொள்ள, சட்டத்தில் தனி அட்டவணையே சேர்க்க வேண்டியிருந்தது.

போனஸ் கணக்கு

இது முதலாளிகள் விவகாரம். தொழிலாளிக்கு என்ன என்று தோன்றலாம். தொழிலாளிக்குத்தான் அதிகம்.

1892-ல் மதுரையில் மில் வந்தது. ஹார்வி மில் என்று ஊரார் சொல்லும் மதுரா மில் அது. பிறகு பல மில்கள் வந்தன. மில் தொழிலாளி வீட்டில் தீபாவளி என்றால் போனஸ். துணி எடுப்பதும், பழைய கடனைத் தீர்ப்பதும், பெண்ணுக்குச் சீர் செய்வதும் அதை நம்பித்தான்.

போனஸ் ஏன் தீபாவளியை ஒட்டி வருகிறது? 1965-ம் ஆண்டு போனஸ் சட்டம், கணக்கு ஆண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே எட்டு மாதம்தான். மார்ச் 31-லிருந்து எட்டு மாதம் எண்ணினால் நவம்பர் 30. தீபாவளி எவ்வளவு பிந்தி வந்தாலும் அதற்குள் வந்துவிடும்.

1965-ல் குறைந்தபட்ச போனஸ் சம்பளத்தில் 4 சதவீதம். பின்னால் அது 8.33 சதவீதமாயிற்று, அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். மேல் வரம்பு 20 சதவீதம். 8.33-க்கும் 20-க்கும் நடுவே எவ்வளவு என்பதை அந்தக் கணக்கு ஆண்டின் லாபம் தீர்மானிக்கிறது. மார்ச் 31 இரவு எண்ணிய பஞ்சுப் பேலும் நூல் மூட்டையும் அந்த லாபத்துக்குள் இருக்கின்றன. இருப்பைக் குறைத்து எழுதினால் லாபம் குறையும். கூட்டி எழுதினால் கூடும். தொழிற்சங்கத் தலைவர்கள் பாலன்ஸ் ஷீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டது சும்மா இல்லை!

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தக் கணக்கு ஆண்டில் குறைந்தது 30 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பிப்ரவரி 10-ல் வேலைக்குச் சேர்ந்து ஒழுங்காக வந்தவருக்கு, அந்த ஆண்டில் வாங்கிய சம்பளத்துக்கு ஏற்ற போனஸ் உண்டு. மார்ச் 10-ல் சேர்ந்தவருக்கு? மார்ச் 31-க்குள் முப்பது நாள் ஏது! அந்த ஆண்டுக்கு இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே மில்லில் ஒரு மாத இடைவெளியில் சேர்ந்தால், அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் பணம் வரும். தம்பி வீட்டில் வராது.

மாற்றப் பார்த்தார்கள்

ஏப்ரல் 1 நம் பருவத்துக்குப் பொருந்தவில்லை என்ற குறை பழையது. எல்.கே.ஜா தலைமையில் அமைந்த குழு, ஜனவரியில் ஆண்டைத் தொடங்கலாம் என்று 1985-ல் சொன்னது. சர்க்கார் ஏற்கவில்லை. 2016-ல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் இன்னொரு குழு ஆராய்ந்தது. கோடு நகரவில்லை. நகர்ந்தது ரிசர்வ் வங்கிதான்! 1940 முதல் ஜூலையில் கணக்குத் தொடங்கிவந்த அந்த வங்கி, ஒன்பது மாதத்தில் ஓர் ஆண்டை முடித்துக்கொண்டு, 2021 ஏப்ரலில் எல்லாருடனும் சேர்ந்துகொண்டது.

வருமானம் வந்த ஆண்டுக்கு "முந்திய ஆண்டு" என்றும், வரி போடும் ஆண்டுக்கு "வரி விதிப்பு ஆண்டு" என்றும் பெயர் வைத்து மக்களைக் குழப்பிய வழக்கத்தைப் புதிய வருமான வரிச் சட்டம் விட்டுவிட்டது. 2025-ல் நிறைவேறிய அந்தச் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். அதில் "வரி ஆண்டு" என்று ஒரே பெயர்.

கீழமாசி வீதியில் ஏப்ரல் முதல் தேதி காலை. பாங்கு கணக்கு முடிப்புக்காக மூடியிருக்கும். கடை திறந்துவிடும். ஜி.எஸ்.டி. பில் புத்தகத்தில் புது ஆண்டு வரிசை 1-லிருந்து தொடங்கும். சித்திரைத் திருவிழாவுக்காக வந்த சரக்கு வாசலில் இறங்கிக்கொண்டிருக்கும்.

பதின்மூன்று நாள் கழித்துச் சித்திரை பிறக்கும். கடைக்காரர் குளித்துவிட்டு வந்து, புது நோட்டுக்கு மஞ்சள் வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "வரவு" என்று எழுதுவார். பக்கத்தில் கம்ப்யூட்டரில் பில் எண் அதற்குள் நூற்றைத் தாண்டியிருக்கும்.